கம்பெனி காலத்து உவமை

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் பழைய சுரங்கத் தொழிலாளியான இவரிடம் மாட்டாதவர் கிடையாது. டீ கொடுத்தால் குடிப்பார். குடித்துவிட்டு, "கம்பெனி காலத்துல டீன்னா அது டீப்பா" என்பார். இப்படி ஒப்பிடுவதற்கும் இலக்கணம் உண்டு. தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. செயல், பயன், வடிவம், நிறம் என நான்கு வழியில் ஒப்புமை தோன்றும் என்கிறது. ஒப்பிட எடுக்கும் பொருள் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. முதல் விதியைப் பற்றி இவருக்குக் கவலையில்லை. இரண்டாவதை இவர் அளவுக்குக் கடைப்பிடித்த புலவர் யாருமில்லை. உவமேயம் வேளைக்கு ஒன்றாக மாறும்: குழாய்த் தண்ணீர், கரண்டு, நகராட்சிச் சாக்கடை, மருமகள் வைத்த குழம்பு. உவமானம் மட்டும் என்றைக்கும் ஒன்றே: தங்கச் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி. மழை பெய்தால்கூட "அந்தக் காலத்து மழையா இது?" என்பார், என்னவோ மழையையும் கம்பெனிதான் லண்டனிலிருந்து கப்பலில் இறக்கியது போல.

இவர் சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளவும் முடியாது, அதுதான் தொல்லை. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல். பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. கிளப், ஆஸ்பத்திரி, பங்களாத் தோட்டம் எல்லாம் இருந்தன; 'குட்டி இங்கிலாந்து' என்று ஊருக்குப் பெயரும் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது 1956-ல். பாரத் தங்கச் சுரங்கமாக ஓடி, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அன்று ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குத் துரைமார் மூட்டை கட்டியபோது வயது ஐந்து. ஆக, இவர் ஒப்பிடும் இங்கிலாந்து அப்பா சொல்லிக் கேட்டது. அந்த அப்பாவோ பங்களா வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். அவர் குடியிருந்தது மூங்கில் தட்டி அடைத்த தொழிலாளர் லைன் வீட்டில். 1930-ல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி கிளம்பியபோது வேலைநிறுத்தம் செய்த தலைமுறை அது. இரண்டு பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே ஒப்பீடு? ஒரு பக்கத்தில் துரையின் பங்களாவையும் மறுபக்கத்தில் தன் வீட்டுச் சாக்கடையையும் வைத்தால், எந்தக் காலமும் தோற்கத்தான் செய்யும். துரை வீட்டுத் தோட்டத்துக்கு அன்றைய லைன் வீடே ஈடாகவில்லையே.

வேலை போன மனிதர், பழம்பெருமையாவது பேசட்டுமே என்பார்கள். நியாயம்தான். பெருமை பேச இவரிடம் சொந்தச் சரக்கு வேறு ஏராளமாக இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். எந்த நிமிஷம் வெடித்துச் சரியும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே இறங்கி வேலை செய்தவர் இவர். உலகத்தில் வெகு சிலருக்கே வாய்த்த அனுபவம். அதைப் பற்றிக் கேளுங்கள், "அது வேலைப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அதை எதோடும் ஒப்பிடமாட்டார். அந்த இடத்தில் மட்டும் மனிதர்மேல் கோபம் வர மறுக்கிறது.

மற்ற இடங்களில் தாராளமாக வருகிறது. சுரங்கம் மூடியபின் ஊரில் பிழைப்பில்லை. விடிவதற்குள் பையன்களும் பெண்களும் ரயிலில் தொற்றிக்கொண்டு பெங்களூர் போய், நின்றபடியே திரும்பி வருகிறார்கள். காற்றடித்தால், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேட்டின் தூசி வீட்டுக்குள் வருகிறது. அந்த மேடு கம்பெனி காலத்திலேயே வளரத் தொடங்கியது என்பதை மட்டும் இவர் சொல்லமாட்டார். ராத்திரி கால் வீங்கி வந்து உட்காரும் பேரனிடம், "எங்க காலத்துல சங்கு ஊதுனா அஞ்சு நிமிஷத்துல வீடு" என்று ஆரம்பிக்கிறார். அவன் ஒரு வாய் சோறு தின்னும் வரைக்குமாவது சும்மா இருக்கலாம்.