வகுத்துக்குள்ள ஒரு ஏட்டையா

வாய்யா மருமகனே, திண்ணையில ஒக்காரு. கையில என்ன டப்பா? எதிர்ப்புச் சக்திய ஏத்துற பவுடரா? நேத்துதான் ஏலத்துல ஏலக்காய் வெல எறங்கிப்போச்சுன்னு மூக்கச் சிந்துன. இன்னைக்கு டப்பாவுக்குக் கொடுக்க மட்டும் காசு எங்கிருந்து முளைச்சுச்சு? எட்டு மில்லி காய எடுத்துத் தடவிப் பாத்தே எந்த எஸ்டேட்டுச் சரக்குன்னு சொல்லுற ஆளு நீ. உன் வகுத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் டப்பாக்காரன் சொல்லித்தான் தெரியணும்!

என் பேத்தி மதுரையில டாக்டருக்குப் படிக்கிறாள்ல, அவகிட்ட வாயப் புடுங்கித்தான் இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டேன். எதிர்ப்புச் செல்லு கொடலச் சுத்தி ஏகப்பட்டது கெடக்காம். ஏன்னு கேளு. சிறுகொடலு மட்டும் ஏறக்குறைய இருபதடி நீளம். அதுக்கு உள்செவரு ஒத்த வரிசைச் செல்லு, மேல கொஞ்சம் சளிப்பூச்சு, அம்புட்டுத்தான். செவருக்கு அந்தப் பக்கம் கோடானுகோடி கிருமி, நீ திங்குற பரோட்டா, சால்னா. இந்தப் பக்கம் ரத்தம்.

இப்ப போடிமெட்டு செக்போஸ்ட்ட நெனச்சுக்க. விடியக்காலையில கூலியாளுகள அடைச்சுக்கிட்டு ஜீப்பு ஜீப்பா பூப்பாறைக்கும் சாந்தாம்பாறைக்கும் ஏறுது. அங்க நிக்கிற போலீசு அம்புட்டுப் பேரையும் எறக்கி வெளுத்தா காயெடுக்க யாரு இருப்பா? கெட்டிக்காரப் போலீசு யாரு தெரியுமா, யார விடணும்னு தெரிஞ்சவன். வகுத்துக்குள்ள எதிர்ப்புச் செல்லும் அந்தப் போலீசு மாதிரித்தான். உன் பவுடரு என்ன பண்ணப் போகுதாம்? அங்க நிக்கிற ஒவ்வொருத்தன் கையிலயும் இன்னொரு தடியக் கொடுக்கப் போகுதாம். நல்லாருக்குய்யா உன் வைத்தியம்!

வகுத்துலயும் ஒரு ஏட்டையா இருக்காரு. ஒழுங்குபடுத்தும் டி செல்லுன்னு பேரு. 'விடப்பா, நம்ம ஆளுதான்'னு மத்த செல்லுகளத் தட்டிக்கொடுத்து ஒக்கார வைக்கிறதுதான் அவரு உத்தியோகம். இப்படி அடக்குற செல்லு இருக்குன்னு ஒரு காலத்துல பேசிக்கிட்டாங்க. அப்புறம் சாட்சி பத்தலைன்னு பெரிய பெரிய ஆளுகளே கைகழுவிட்டாங்க. ஜப்பான்ல சகாகுச்சின்னு ஒரு மனுசன் மட்டும் விடாம நோண்டி, 1995ல அந்தச் செல்ல அடையாளங் காட்டுனாரு. 2001ல அமெரிக்காவுல மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல்னு ரெண்டு பேரு, ஒரு சீக்கு எலியத் தோண்டிப் பாத்து ஃபாக்ஸ்பி3ங்கிற மரபணுவக் கண்டுபுடிச்சாங்க. அது கெட்டுப்போனா ஏட்டையாவே இருக்க மாட்டாரு. அப்படிப் பொறக்குற ஆம்பளப் புள்ளைகளுக்குக் கைக்கொழந்தையிலயே வயித்துப்போக்கு நிக்காது. மூணு பேருக்கும் 2025ல நோபல் கொடுத்தாங்க.

ஏட்டையா வாயால அதட்டுறதில்ல. இன்டர்லூகின்-10னு ஒரு பொருள விடுவாரு. அது பட்டா மேக்ரோஃபேஜ்னு சொல்லுற கிருமி திங்குற செல்லு, கிருமியத் தின்னுக்கிட்டே சத்தம் போடாம இருக்கும். 1993லயே அந்தப் பொருளு இல்லாத எலிய உண்டாக்கிப் பாத்தாங்க. பெருங்கொடலு புண்ணாப்போச்சு. இதே எலியக் கிருமியே இல்லாத கூண்டுல வளத்துப் பாத்தாங்க, புண்ணு வரல. ஆகக் கிருமி மேலயும் முழுக் குத்தமில்ல, போலீசு மேலயும் முழுக் குத்தமில்ல. நடுவுல சமாதானம் பேச ஆளில்ல, அதான் வெனை.

மனுசனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்னு வர்ற ரெண்டு சீக்கும் இந்தச் சண்ட ஓயாமப் போனதுதான். பரம்பரை, தீனி, கண்ட மருந்துன்னு காரணம் பல இருக்கு. ஏட்டையா ஒருத்தர் தலையில மட்டும் கட்ட முடியாது. ஆனா டாக்டருக கொடுக்குறது என்ன? சண்டய அடக்குற மருந்து! டிஎன்எஃப்னு ஒரு பொருளுதான் போலீசக் கெளப்பி விடுது, அதக் கட்டிப்போடுற இன்ஃப்ளிக்சிமாப் 1998ல கிரோனுக்கு வந்துச்சு. அவுக அடக்கப் பாக்குறாக, நீ காசு கொடுத்துக் கெளப்பி விடப் பாக்குற. யாரு கெட்டிக்காரன்னு நீயே சொல்லு மருமகனே.

அதுக்குன்னு ஒரேயடியா அடக்கிறவும் கூடாது. நம்ம நாட்டுல காசநோய்க் கிருமி பலபேரு ஒடம்புல பதுங்கிக் கெடக்கு. அத அடைச்சு வச்சிருக்கிறதே அந்த டிஎன்எஃப்புதான். அதனால மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி காசநோய் இருக்கான்னு பாப்பாங்க. கொடல்ல வர்ற காசநோயும் கிரோனும் பாக்க ஒண்ணு போலவே இருந்து, தேர்ந்த டாக்டரையே தெகைக்க வைக்குமாம். மருந்துக்கடையில 'வயித்துவலிக்கு ஒண்ணு கொடுங்க'ன்னு கை நீட்டுறவுகளுக்கு இது எங்க தெரியுது!

ஏட்டையாவுக்குத் தீனி என்னன்னு கேக்குறியா? இப்பத்தான்யா உருப்படியாக் கேட்ட. செரிக்காத நாரையும் மாவையும் பெருங்கொடல்ல கிருமி நொதிக்க வச்சு பியூட்டிரேட்னு ஒரு அமிலம் பண்ணுது. அது இருந்தா எலிக் கொடல்ல அந்த டி செல்லு பெருகுதுன்னு 2013ல கண்டாங்க. அதுக்கு முன்னாடியே 2000ல நம்ம வேலூர் சிஎம்சி டாக்டருக காலராக்காரங்களுக்குக் கொடுக்குற உப்புக்கரைசல்ல செரிக்காத மாவச் சேத்துப் பாத்தாங்க, பேதி வெரசா நின்னுச்சு. சோத்த ஆக்கி ஆறவிட்டாலே அந்த மாதிரி மாவு கொஞ்சம் கூடும். சென்னை ஸ்டான்லி ஆசுபத்திரியில பழைய சோறு கொடல் அழற்சிக்கு ஒதவுதான்னு அரசாங்கக் காசுலயே ஆராய ஆரம்பிச்சாங்க. உங்க ஆத்தா கொடுத்தப்ப மூஞ்சியச் சுளிச்ச. இப்ப ஓட்டல்ல பானையில ஊத்தி வச்சா போட்டோ புடிச்சுட்டுக் குடிக்கிற. ஆனா ஒண்ணு, பழைய சோத்த நம்பி எழுதிக் கொடுத்த மாத்திரைய நிறுத்திறாத. புண்ணு கொதிக்கிற நேரத்துல நார்த்தீனியும் எல்லாருக்கும் ஒத்துக்காது.

நீ டப்பா வாங்குன காரணமும் எனக்குத் தெரியும். உன் பொண்டாட்டி சொல்லிட்டா. ரெண்டு மாசமா வெளிய போறப்ப ரத்தம், ராத்திரியில எந்திரிச்சு ஓட்டம், வேட்டி இடுப்புல நிக்கல. மூலம்னு நீயா தீர்ப்பு எழுதிக் களிம்பு பூசிக்கிட்டிருக்க. க.விலக்குல தேனி மெடிக்கல் காலேஜ் ஆசுபத்திரி இருக்கு. நாளைக்கு ஏலத்த ஒந்தம்பி பாத்துக்குவான். காலையில மொத பஸ்ஸப் புடி, குழாய் விட்டுப் பாக்கணும்னா வெக்கப்படாமப் படுத்துக்க. டப்பாவ இங்கயே வச்சுட்டுப் போ.