தலையில் கட்டிய தலை

வேட்டைக்காரர் வீட்டில் விலங்கின் தலை தொங்கினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கும் என்னைப் போன்றவன் வீட்டுக் கூடத்தில் காட்டுமாட்டின் தலை தொங்கினால்தான் கேட்கிறார்கள்: “சார், நீங்க சுட்டதுங்களா?” நான் சுட்டது அப்பளம் மட்டும். அதுவும் ஒரு பக்கம் கருகிவிடும்.

சுட்டவர் என் மனைவியின் தாத்தா. வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். துப்பாக்கியும் அதற்குத் தோதான மீசையும் வைத்திருந்தவர். மாமனார் காலமானதும் சொத்து பிரிந்தது. தோப்பு பெரிய மச்சானுக்கு, வீடு சின்ன மச்சானுக்கு. தலை என்று வந்தபோது பெரியவருக்கு வாஸ்து இடித்தது, சின்னவருக்கு உடனே தும்மல் வந்தது. “அப்பா ஞாபகமா நம்மகிட்டயே இருக்கட்டுங்க” என்றாள் மனைவி. வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். நான் தலையோடு மாப்பிள்ளை.

காட்டுமாட்டுக் காளை ஆயிரம் கிலோவைத் தொடக்கூடிய பிராணி. அதன் கொம்பு விரிவுக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் யாரும் சுவர் கட்டுவதில்லை. கொம்புக்கு இடம் விட்டதில் டிவி மூலைக்குப் போய்விட்டது. கழுத்தைச் சாய்த்துத்தான் கிரிக்கெட் பார்க்கிறேன். மாட்டுப் பொங்கலன்று என் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். “காட்டுல இருந்தா என்னடா, மாடு மாடுதானே?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று எனக்குக் கிடைத்ததைவிட அதற்கு ஒரு கரண்டி பொங்கல் அதிகம்.

ஒரு மழைக்காலத்தில் இடது காது வெடித்தது. கீழே சோபாவில் பழுப்பாய்த் தூள். வண்டு வைத்துவிட்டது. பாடம் செய்த தோலுக்கு வெயில், ஈரம், வண்டு மூன்றுமே எமன். ஊரில் யாராவது பாடம் செய்பவர் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினேன். கடைசியில் வந்தவர் சோபா ரிப்பேர்க்காரர். தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “உள்ள ஸ்பாஞ்ச் மாத்தி, மேல ரெக்சின் போட்டுரலாம் சார். மெரூன்ல எடுப்பா இருக்கும்” என்றார். மனைவி கொஞ்சம் யோசித்ததுதான் எனக்குப் பயம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே இருப்பது மாடு என்று நானும்தான் நினைத்திருந்தேன். கொம்பும் தோலும்தான் அதனுடையவை. முகத்துக்கு உருவம் கொடுப்பது காகிதக்கூழ் அச்சு. என்னை முறைத்துக்கொண்டிருக்கும் கண் கண்ணாடிக் கண். இத்தனை நாள் பழைய காகிதத்துக்கா பயந்தோம் என்று தோன்றினாலும், ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகும்போது லைட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

தலையைச் செய்தது மைசூர் வான் இங்கென் பட்டறை. 1900 வாக்கில் யூஜின் வான் இங்கென் தொடங்கி, பிள்ளைகள் வளர்த்த தொழில். மகாராஜாவும் வெள்ளைக்காரத் துரையும் எஸ்டேட்காரரும் சுட்டதை உப்புத் தடவி அங்கே அனுப்பிவிடுவார்கள். சீறும் வாயும் சிலிர்த்த மீசையுமாகத் திரும்பி வரும். 43,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் அந்தப் பட்டறையைக் கடந்ததாகக் கணக்கு. அதில் பெரும்பகுதி புலியும் சிறுத்தையும். கைவேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் கை இறங்கிவிடுகிறது.

அந்தச் சகோதரர்களில் ஒருவர் 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மாஷீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். மீனைப் பாடம் செய்வது இன்னும் சிரமம். செத்ததும் நிறம் வெளுத்துவிடும். தோலை அச்சில் ஏற்றிய பிறகு ஓவியனைப் போல உட்கார்ந்து வண்ணம் தீட்ட வேண்டும். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தூண்டில்காரர் வாயில் மீன் வருஷா வருஷம் வளரும், சுவரில் மாட்டிய மீன் வளராது. நான் பிடித்த பெரிய மீன், உக்கடம் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பிடித்த வஞ்சிரம்.

பட்டறை 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழிலுக்கு என்ன மிச்சம்? இன்று பாடம் செய்யவே உரிமம் வேண்டும். மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் ஒரு மையம் தொடங்கினார்கள். இறந்துபோன வனவிலங்குகளை அனுமதியோடு பாடம் செய்வதற்கு. என் காதுக்காக, அதாவது மாட்டின் காதுக்காக, மும்பை வரை ரயிலில் போனால் டி.டி.ஆரிடம் என்ன சொல்வது?

விற்றுத் தொலைக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். விற்றால் குற்றம். அன்பளிப்பாகவும் கொடுக்க முடியாது. வாரிசாக வந்தது என்றால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நல்லவேளையாக மனைவி அதை முடித்திருந்தாள். சரிபார்க்க வந்த வனத்துறைக்காரர் தலையை அளந்தார், குறித்தார், பிறகு நெற்றியைப் பார்த்து, “குங்குமம் எதுக்கு சார்?” என்றார். “அம்மா” என்றேன். அவருக்கும் அம்மா இருந்திருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர் வேண்டாமென்றால் அரசிடமே ஒப்படைத்துவிடலாம். பைசா கிடைக்காது, சுவர் கிடைக்கும். மனைவியிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். “மொதல்ல உங்க புஸ்தகத்தையெல்லாம் ஒப்படைங்க, அப்புறம் பாக்கலாம்” என்றாள். பேச்சு அதோடு நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா சுட்ட ஏதாவது இருந்தால், முதலில் சான்றிதழைத் தேடி எடுங்கள். பழைய பாடங்களில் ஆர்சனிக் சேர்த்திருப்பார்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். சோபா ரிப்பேர்க்காரரைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.