புள்ளி வைத்த புண்ணியவான்களுக்கு

அனுப்புநர்: கரும்பு விவசாயி ஒருவர், வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: தலைமை விற்பனை அதிகாரி அவர்கள், விடுமுறைப் புள்ளிகள் விற்கும் நிறுவனம் (பெயர் எதற்கு, தங்களுக்கே தெரியும்).

பொருள்: எங்களை 25 ஆண்டு இன்பத்தில் ஒரே மாலையில் சேர்த்துவிடத் தாங்கள் காட்டிய அக்கறை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

சேலம் ஜவுளிக்கடையில் என் மனைவி எழுதிப் போட்ட குலுக்கல் சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகத் தங்கள் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் சொன்னார். அந்தக் கடையில் சீட்டு எழுதிப்போட்டுப் பரிசு விழாத பாவி எவராவது உண்டா என்று கேட்க அப்போது தோன்றவில்லை. பரிசு வாங்கக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பது நிபந்தனை. குடும்ப ஒற்றுமையில் இவ்வளவு ஆர்வமா என்று வியந்தபடி சின்னசேலம், ஆத்தூர் வழியாகத் தங்கள் அரங்குக்கு வந்து சேர்ந்தோம். காரணம் அரங்கில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதுதான் எங்கள் பக்கத்து ஆண்களின் கடைசிக் கேடயம். அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

தங்கள் விற்பனைத் தம்பி நல்ல பிள்ளை. முதல் ஐந்து நிமிடம் நாங்கள் அவருக்கு அங்கிள், ஆன்ட்டி. போன வருடம் எங்கே சுற்றுலா போனீர்கள் என்று கேட்டார். “எங்க தம்பி போறது? கோமுகி டேம் பக்கத்துலயே இருக்கு. யாராச்சும் வந்தா கரியாலூருக்கு மேல கூட்டிட்டுப் போயி போட்ல ஏத்துவோம். பெரியார் அருவில தண்ணி விழுந்தா குளிச்சிட்டு வருவோம்” என்றாள் என் மனைவி. கல்வராயன் மலையைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறவர்கள் நாங்கள். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, படிவத்தில் ‘விடுமுறை அனுபவம்: இல்லை’ என்று எழுதினார்.

பிறகு அந்த வெள்ளைத்தாள் வந்தது. ஐயா, அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். முதலில் அதில் ஏழரை லட்சம் என்று எழுதப்பட்டது. நான் முகத்தைச் சுளித்ததும் ஒரு கோடு. கீழே ஆறே கால். மேலாளர் என்று கோட்டுப் போட்ட ஒருவர் வந்து எங்களை ‘சார், மேடம்’ ஆக்கிவிட்டு இன்னொரு கோடு இழுத்தார். கீழே ஐந்து லட்சம். இதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தின் மேல் ‘இன்று மட்டும்’. பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் போல, ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரை வாசித்தார்கள், அரங்கமே கை தட்டியது. எங்கள் மேசைக்கு கார்டு தேய்க்கும் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. ‘அந்தத் தாளைக் கொடுங்கள், மகனிடம் காட்டிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்’ என்றேன். தம்பி அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நிறுவன விதியாம். 25 ஆண்டு வாக்குறுதியை ஒருநாள் என் வீட்டில் வைத்திருக்க விடாத விதியை எழுதியவர் யாராக இருந்தாலும், அவருக்கு என் தனிப்பட்ட பாராட்டு.

தங்கள் தொழிலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முன்கூட்டியே பணம் கட்டிப் புள்ளி வாங்கி, அதைக் கொடுத்து விடுதி அறையில் தங்கும் முறை இன்று நேற்று வந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம் 1963-லேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் மகிந்திரா ஹாலிடேஸ் என்று இரண்டு பெரிய நிறுவனங்களும் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே வளர்ந்தன. வருடா வருடம் தவறாமல் ஊர் சுற்றுகிறவர்கள், ஆறு மாதம் முன்பே விடுப்புக்கு எழுதிக்கொடுக்கிறவர்கள், பள்ளிக்கூட அட்டவணைக்குக் கட்டுப்படாதவர்கள் இதில் லாபம் பார்க்கலாம். ஆனால் தாங்கள் கூப்பிட்டது எங்களை.

தாள்தான் இல்லை, கணக்கு தலையில் இருக்கிறது. ஐந்து லட்சம் கட்டினால் ஆண்டுக்கு 7,000 புள்ளி. ஆண்டுப் பராமரிப்பு 20,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 23,600. அறையில் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது கட்டியாக வேண்டும். அதே ஐந்து லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 35,000 வரும். ஆக, எங்கள் கையை விட்டுப் போவது வருடத்துக்கு 58,600. பருவத்துக்கு ஒரு நிறமாம்; மே மாதம் ஊதாப் பருவம், ஓர் இரவுக்கு 1,800 புள்ளி என்றார் தம்பி. மூன்று இரவு தங்கலாம். நான்காவது இரவுக்கு 200 புள்ளி இடிக்கும். ஓர் இரவு 19,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மழை கொட்டும் ஜூலையில் ஓர் இரவு 600 புள்ளிதான், பதினோரு நாள் தங்கலாம், இரவுக்கு 5,300 சொச்சம். ஆனால் ஜூலையில் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நானும் என் மனைவியும் மட்டும் பதினோரு நாள் மூணாறு மழையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை இங்கே இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறோம்.

25 ஆண்டில் ஓட்டல் வாடகை எங்கேயோ போய்விடும், உங்களுக்கு இன்றைய விலையிலேயே அறை என்று மேலாளர் சொன்னார். நியாயமான வாதம்தான். பராமரிப்புக் கட்டணம் ஏறாதா என்று கேட்டேன். ஏறும் என்றார். எவ்வளவு ஏறலாம் என்று எல்லை உண்டா என்றேன். செலவைப் பொறுத்தது என்றார். மே மாத இரவுக்கு இன்றைக்கு 1,800 புள்ளி, பத்து வருடம் கழித்து 2,500 ஆகாதா என்று கேட்டாள் என் மனைவி. “அது சிஸ்டம் டிசைட் பண்ணும் மேடம்” என்றார் தம்பி. அந்த சிஸ்டத்தை ஒருமுறை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கரும்பை ஆலைக்குப் பதிவு செய்துவிட்டு கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பவனுக்கு, ‘அறை இருப்பைப் பொறுத்து’ என்று தம்பி சொன்ன வார்த்தையின் ருசியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவு வேறு, வெட்டு வேறு. ஆனாலும் எங்கள் பிழைப்பு தங்கள் திட்டத்தைவிட ஒரு படி மேல். பருவம் தொடங்கும் முன்பே மத்திய அரசு விலை சொல்லிவிடுகிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்பு குவிண்டாலுக்கு 355 ரூபாய். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி. நடைமுறை எப்படி என்பது வேறு கதை. காகிதத்திலாவது எங்களுக்கு ஒரு விலையும் ஒரு தேதியும் உண்டு. தங்கள் காகிதத்தில் எனக்கு இருப்பது ஒரு தேதி மட்டுமே: தவணை கட்ட வேண்டிய தேதி.

இதே 14 நாள் ஐரோப்பாவிலும் இருக்கிறது. அங்கே 2008-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றின்படி, இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம்; அதுவரை முன்பணம் என்று ஒரு காசு வாங்கக் கூடாது. கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு அரங்கில் வேலையே இல்லை. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. சில நிறுவனங்கள் தாமாக மனமிரங்கிப் பத்து நாள் தருகின்றன. தாங்கள் எத்தனை நாள் தருகிறீர்கள் என்று கேட்டதற்குத் தம்பி மேலாளரைப் பார்த்தார், மேலாளர் காபி சொல்லப் போனார்.

இன்னொரு சந்தேகம். கட்டிய பணம் எப்போது தங்களுடையதாகிறது? 2010-ல் சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மகிந்திரா ஹாலிடேஸ் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. உறுப்பினரிடம் மொத்தமாக வாங்கிய கட்டணம் முழுவதும் அந்த ஆண்டின் வருமானம் ஆகிவிடாது. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு அறை தர வேண்டிய கடமை நிறுவனத்துக்குப் பாக்கி இருக்கிறது என்பது அதன் சாரம். தீர்ப்பில் எனக்குக் குறையில்லை, சட்டப்படி சரியாகவே படுகிறது. நான் கேட்பது தங்கள் திட்டத்தைப் பற்றி. மூன்றாம் ஆண்டில் எனக்கு மூட்டு வலி வந்து விலக நேர்ந்தால், மீதி 22 ஆண்டுப் பணம் திரும்பி வருமா என்றேன். வராது என்றார்கள். வரி அதிகாரி கேட்டால் இன்னும் சம்பாதிக்காத பணம். விவசாயி கேட்டால் எப்போதோ செலவாகிவிட்ட பணம். இந்த வித்தையை எங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் கற்றுக்கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பான்கார்டு கிளப்ஸ் நினைவிருக்கிறதா? அறை இரவுகளை விற்று, தங்காவிட்டால் பிற்பாடு பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டிய மும்பை நிறுவனம். அது கூட்டு முதலீட்டுத் திட்டம்தான், அனுமதியின்றி நடந்தது என்று சொல்லி, 51 லட்சம் பேரிடம் திரட்டிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2016 பிப்ரவரியில் செபி உத்தரவிட்டது. தாங்கள் அந்த ரகம் இல்லை, தங்களிடம் உண்மையிலேயே கட்டடமும் கட்டிலும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மாட்டியிருந்த படங்களில் நீச்சல்குளம்கூட இருந்தது.

இவ்வளவும் யோசித்தபின், தங்கள் மனம் நோகாத ஒரு மாற்று ஏற்பாட்டுக்கு நானும் என் மனைவியும் தயார். ஐந்து லட்சத்தையும் கரும்புப் புள்ளிகளாகச் செலுத்திவிடுகிறோம். மொத்தம் ஐந்து லட்சம் புள்ளி, இன்றே, ஒரே தவணையில். அவற்றைத் தாங்கள் எப்போது வேண்டுமானாலும் பணமாக மாற்றிக்கொள்ளலாம், எங்கள் கையில் பண இருப்பைப் பொறுத்து. பொங்கல், தீபாவளி, ஆடி 18, பேரன் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஜூன் ஆகியவை ஊதாப் பருவம். அப்போது ஒரு ரூபாய்க்கு நான்கு புள்ளி தேவைப்படும். தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்ததோடு நின்றுவிட்டார், நிறத்துக்கு ஒரு விலை வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. அட்டவணையை மாற்றும் உரிமை எங்களுக்கே. புள்ளிகளை எங்கள் கணக்கு நோட்டில் எழுதிப் பாதுகாப்பதற்கு ஆண்டுக்கு 23,600 ரூபாய் பராமரிப்புக் கட்டணம், அது ரொக்கம். மூன்று ஆண்டுக்குள் மாற்றாத புள்ளி காலாவதியாகும். வழக்கு என்று வந்தால் வடக்கனந்தல் எல்லைக்குள் மட்டும். சம்மதம் என்றால் தாங்கள் தம்பதி சமேதராக வடக்கனந்தலுக்கு வர வேண்டும். காபி தருவோம், தாள் தர மாட்டோம்.

இது அநியாய ஒப்பந்தம் என்று தங்களுக்குத் தோன்றலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பெயருக்கே ஒரு வரையறை இருக்கிறது. ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு முறித்துக்கொள்ளலாம் என்பது போன்ற ஷரத்துகளை அது சுட்டுகிறது. ஒப்பந்தமே அநியாயம் என்று முறையிட மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும், நுகர்வோர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. நுகர்வோருக்கான எண் அது, தங்களுக்குப் பயன்படாது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சேரவில்லை. ஒப்பந்தப் படிவத்தின் முழு நகலைத் தபாலில் அனுப்பினால், மகனையும் உட்காரவைத்துப் படித்துவிட்டு மறுபடி யோசிக்கிறோம். அனுப்ப முடியாது என்றால் எங்கள் தொலைபேசி எண்ணைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பரிசாகக் கொடுத்த இரண்டு இரவு, மூன்று பகல் கூப்பன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்த முன்கூட்டியே கட்ட வேண்டிய வரியும் சேவைக் கட்டணமும், கரியாலூரில் அறை எடுத்துத் தங்கும் செலவைவிட அதிகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் படிவத்தில் ‘விடுமுறை அனுபவம் இல்லாதவர்’
வடக்கனந்தல்