யானை ஏறாத படி ஒன்று வேண்டும்

பெறுநர்: கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர், சென்னை.

அனுப்புநர்: கீழ்வேளூர் வட்டத்தில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் உறுப்பினன்.

பொருள்: சங்கத்திலிருந்து அரசியலை அகற்றியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சங்கத்துக்குள் கட்சி கூடாது என்று எந்த ஆட்சி வந்தாலும் சொல்கிறது. சொன்னபடி செய்தும் காட்டுகிறது. போன ஆட்சியின் கட்சிக்காரர் ஒருவர்கூட மிச்சமில்லாமல் துடைத்துவிடுகிறார்கள். அப்புறம் அங்கே இருப்பவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டும்தான். அது அரசியல் கணக்கில் வராது என்பது எங்களுக்கும் பழகிவிட்டது.

2018-இல் நடந்த கூட்டுறவுத் தேர்தலை மறக்க முடியுமா? பல சங்கங்களில் வாக்குப் பெட்டிக்கு வேலையே இல்லை. மனுத்தாக்கலோடு தேர்தல் முடிந்தது. அவ்வளவு ஒற்றுமை. எங்கள் மனுவை வாங்கவில்லை, வாங்கியதைத் தள்ளிவிட்டார்கள் என்று சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். ஒற்றுமை பிடிக்காதவர்கள் எங்கும் உண்டு.

2021-இல் ஆட்சி மாறியது. அந்த இயக்குநர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாகக் குறைக்க 2022 ஜனவரியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. முறைகேடு நடந்தது என்பது காரணம். முறைகேடு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே தண்டனை. சமத்துவம் என்றால் இதுவல்லவா?

அந்தக் குறைப்பு நடப்புக்கு வருமுன்பே 2023-இல் ஐந்தாண்டு தானாகவே முடிய, இயக்குநர்களின் இடத்துக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் எந்தக் கட்சியும் இல்லை, சத்தியம். பயிர்க்கடன் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் அவர் யாருக்குப் போன் போடுகிறார் என்று நாங்கள் உற்றுப் பார்ப்பதுதான் தப்பு. எங்கள் சங்கத்தில் கட்சி மாறாமல் பணிபுரிவது முதல்வர் படம் மாட்டும் ஆணி ஒன்றுதான். அதற்கு ஊதிய உயர்வு பரிந்துரைக்கிறேன்.

கடன் தள்ளுபடிக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். 2006, 2016, 2021: கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியான மூன்று ஆண்டுகளும் சட்டமன்றத் தேர்தல் ஆண்டுகள். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய். அதே மாதக் கடைசியில் தேர்தல் தேதி அறிவிப்பு. நிவர், புரெவி புயல்களில் பயிர் போன டெல்டாவுக்கு அந்தப் பணம் தேவைதான். பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஜனவரி 31-இல் நிலுவை வைத்திருந்தவர் தப்பினார். நகையை அடகு வைத்து அதற்கு முன்பே கட்டியவர் முழித்தார். இனிமேல் கடன் மனுவில் சிட்டா, அடங்கலோடு தேர்தல் அட்டவணையையும் இணைக்கச் சொல்லிவிடுங்கள், குழப்பம் தீரும்.

அரசியல் சட்டம் 43ஆ பிரிவில், கூட்டுறவுச் சங்கங்கள் தன்னாட்சியோடும் உறுப்பினர்களின் ஜனநாயகக் கட்டுப்பாட்டிலும் தொழில்முறை நிர்வாகத்தோடும் நடக்க அரசு முயல வேண்டும் என்று 2012 முதல் எழுதியிருக்கிறது. முயன்றால் போதும் என்றுதானே இருக்கிறது? முயன்றுகொண்டே இருங்கள்.

எங்கள் ஊர்க் கேடிலியப்பர் கோயில் கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோயில். யானை ஏற முடியாதபடி அவன் படி வைத்தான் என்பார்கள். கட்சி ஏற முடியாத படி ஒன்று சங்கத்துக்கு வேண்டும். தனி அலுவலர் அந்தப் படி இல்லை, ஐயா. அவரை உட்கார வைப்பதும் எழுப்புவதும் ஆட்சிதான். யானை வாசலில் நிற்காமல் கொல்லைப்புறமாக வருகிறது, அவ்வளவுதான்.

படி எது என்று உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். பதவிக்காலம் முடியுமுன் தேர்தல். உறுப்பினர் பட்டியலைச் சங்கச் சுவரில் ஒட்டுங்கள். யார் மனு கொடுத்தாலும் வாங்கி, அங்கேயே ரசீது கொடுங்கள். முறைகேடு செய்தவர் எந்தக் கட்சியானாலும் அவர் மேல் மட்டும் வழக்குப் போடுங்கள், சங்கத்தைக் கலைக்காதீர்கள். விதைக்கும் உரத்துக்கும் எந்த மாதம் கடன் கொடுப்பது என்பதை மேட்டூர்த் தண்ணீர் முடிவு செய்யட்டும்.

பங்குத்தொகை கட்டியவர்கள் நாங்கள். எங்களை யார் நிர்வகிப்பது என்று ஆட்சிக்கு ஆட்சி நீங்கள் யோசிக்க வேண்டாம், எங்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தவணை தவறாமல் கட்டி ஏமாந்த உறுப்பினன்.