பேய் மூட்டிய அடுப்பு

கேள்வி: குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படங்களைப் பார்க்கையில், அஞ்ச வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்களே, அதில் என்ன ஆனந்தம்?
- வாசகர் ஒருவர், உடப்பு

பதில்: பகலெல்லாம் கரைவலை இழுத்துக் களைத்தவர்கள், இரவில் மீன்வாடியின் முன்னே பாய் விரித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் இயக்குநர் விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி' படத்தை (1978) ஊரோடு பார்த்த நாட்களை நினைத்துப் பாருங்கள், அன்பரே. விறகுக்குப் பதிலாகப் பேய் தன் கால்களையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் கட்டத்தில், குழந்தைகள் அலறித் தாயின் முந்தானையில் முகம் புதைக்க, மறுகணமே கிழவி ஒருத்தி, "இப்படி ஒரு மருமகள் வாய்த்தால் எங்கட வீட்டில விறகுச் செலவு மிச்சம்" என்று சொல்ல, கரை முழுவதும் சிரிப்பு அலையாய்ப் புரளும். பணம் சுருங்கிய இடத்தில் கற்பனை தாராளமாய் விரிகிறது. எலும்புக்கூட்டை ஆட்டும் கயிறு கண்ணில் பட்டுவிட்டால், அந்த எளிய சிருஷ்டியின்மேல் நமக்கு வாஞ்சையே பிறந்துவிடுகிறது. கடலையும் காற்றையும் நம்பிப் பிழைப்பவனுக்கு மெய்யான அச்சங்கள் ஏராளம். அவற்றினிடையே, கைதட்டிச் சிரித்தே விரட்டிவிடக்கூடிய ஓர் அச்சம் கிடைப்பது பரம பாக்கியமன்றோ? ஆகையால், இத்தகைய படங்களைத் தனியே பார்க்காதீர்கள்; பக்கத்து வீட்டுக் கிழவியையும் அழைத்துக்கொள்ளுங்கள்.