சொன்னதைச் செய்த மென்பொருள்

செவ்வாயின் தென்துருவத்துக்கு நாசா அனுப்பிய மார்ஸ் போலார் லேண்டரின் மென்பொருள் தேவை ஆவணத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். மூன்று கால்களிலும் உள்ள சென்சார்களை நொடிக்கு 100 முறை பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரு முறை ‘தரை’ என்று வந்தால் இறங்கியாயிற்று என்று கொள்ள வேண்டும். எவ்வளவு தெளிவு! வேண்டாத சொல் ஒன்று உண்டா?

வேண்டிய ஒரு வரியையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரியும்போது ஏற்படும் குலுக்கலில் சென்சார் ஒரு கணம் ‘தரை’ என்று சொல்லிவிடக்கூடும். பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால்தான் தரையை நெருங்கும் வரை சென்சார் பேச்சைக் கேட்கக் கூடாது என்று மேல்நிலை ஆவணத்தில் எழுதினார்கள். எதற்காக என்று எழுதி யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. மென்பொருள் ஆவணமோ அதைவிடச் சிக்கனம். குலுக்கலைப் பற்றி அதில் மூச்சே இல்லை.

எழுதாததைச் செய்யும் துடுக்குத்தனம் மென்பொருளுக்குக் கிடையாது. மேலே கிடைத்த பொய்க் குறியைப் பத்திரமாக வைத்திருந்து, 40 மீட்டரில் ‘இனிப் பார்க்கலாம்’ என்றதும் எடுத்து நீட்டியிருக்கிறது. இன்ஜின் அணைந்தது, நொடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகத்தில் மோதல். 1999 டிசம்பர் 3. இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதியையும் செலவு கருதி விட்டிருந்தார்கள் என்பதால், இதுவே மிகவும் சாத்தியமான காரணம் என்ற அளவில்தான் விசாரணைக் குழுவால் சொல்ல முடிந்தது.

சோதனை செய்தவர்களையும் மறக்கக் கூடாது. கால் விரிப்பைச் சோதித்தார்கள். சென்சார் ஒயர்கள் மாறியிருந்ததால் பொய்க் குறி தலைகாட்டவேயில்லை. ஒயரைச் சரிசெய்த பிறகு அதே சோதனையை மறுபடி நடத்தும் தொந்தரவை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ‘தேவையைச் சொல்ல வாக்கியமே போதும், படம் எதற்கு’ என்று உறுதியாக நிற்கும் ஆவணக்காரர்களின் நெஞ்சுரம் பெரிது. ‘விரிகிறது’, ‘இறங்குகிறது’, ‘தரைக்குக் காத்திருக்கிறது’ என்று மூன்று பெட்டி போட்டு அம்புக்குறி வரைந்தால், இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போகும்போது பழைய குறியை அழிப்பது யார் என்று எவராவது கேட்டுவிடுவார். அந்த வம்பே வேண்டாம் என்று காக்கிறார்கள். எதிர்ப்பக்கம் நின்று படமே போதும் என்னும் மாடல்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. பெட்டி ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் இருக்கும், அம்பு ஒவ்வொன்றும் நேராக இருக்கும். ‘ஏன் இப்படி?’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொன்னால், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம் என்கிறார்கள்.