கம்பளி போர்த்திய ஜெரேனியம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் முதல் கம்பளி ஜெரேனியத்துக்கு. அடுத்தது டேலியாவுக்கு. நல்லதெல்லாம் தீர்ந்தபின் ஓட்டை விழுந்தது எதுவோ, அது எனக்கு.

ஊட்டியில் உறைபனி பெரும்பாலும் நவம்பரில் தலைகாட்டி, பிப்ரவரி வரை இழுக்கும். மேகம் மூடிய இரவுகளில் பயமில்லை. நிலத்தின் சூட்டை மேகம் தப்ப விடாது. வானம் துடைத்து விட்டதுபோலத் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால்தான் வினை. ஆகவே எங்கள் வீட்டில் நட்சத்திரங்களை யாரும் ரசிப்பதில்லை. “ஏங்க, நட்சத்திரம் தெரியுது, போர்வையை எடுங்க” என்பாள் மனைவி.

போதாததற்கு எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம்; சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். மேட்டு வீட்டு அண்ணனின் பீன்ஸ் பச்சையாக நிற்க, எங்கள் உருளைக்கிழங்குச் செடி மட்டும் கருகுவது இதனால்தான். அவர் வீட்டு மழைத்தண்ணீரும் கோழிகளும் ஏற்கெனவே எங்களிடம்தான் வந்து சேர்கின்றன. இப்போது குளிரும். கேட்டால், “காத்துக்கு நான் எங்க தம்பி கேட் போடுறது?” என்கிறார். நியாயம்தான். கோழிக்காவது போடலாம்.

வீட்டைக் காப்பது சுலபம். ஜன்னல் சந்துக்குச் செய்தித்தாள், மாடிக் குழாய்க்குச் சாக்கு, முடிந்தது. கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேடிக்கை வராது.

தோட்டம்தான் உயிரை வாங்குகிறது. 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடி கொண்டு மூடுகிறார்கள். தேயிலைக்குத் தாகைச் செடி. எங்களிடம் இரண்டும் இல்லை. என் லுங்கிகள் இருக்கின்றன. “உன் பழைய சேலை?” என்று ஒருமுறை கேட்டேன். “அது பழசில்லைங்க, இன்னும் கட்டாதது” என்றாள்.

போர்த்துவதற்கும் முறை உண்டு. பிளாஸ்டிக் இலைமேல் பட்டால் பட்ட இடம் கருகும். துணி தரைவரை தொங்க வேண்டும். சூடு மண்ணிலிருந்துதானே வருகிறது. வெயில் வந்ததும் உருவிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஈர லுங்கி விறைத்து, யாரும் கட்டாமலே தானாக நிற்கும்.

சமவெளியிலிருந்து காசு செலவழித்துப் பனி பார்க்க வருகிறவர்கள் விடிகாலையில் தலைகுந்தாவுக்குப் போவார்கள். வழி தவறிய ஒரு குடும்பம் ஒருநாள் எங்கள் வேலியோரம் வண்டியை நிறுத்தியது. “அண்ணா, இங்க பனி எங்க இருக்கு?” நான் பதில் சொல்லுமுன் பிள்ளைகள் லுங்கியைப் பார்த்துவிட்டார்கள். அதற்கு இரு பக்கமும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜன்னலிலிருந்து மனைவி சொன்னாள்: “நாளைக்கு அந்தக் கட்டம் போட்டதைப் போர்த்துங்க. போட்டோவுல எடுப்பா இருக்கும்.”